அளவுகோல் யார் கையில்?

(சங்கத்தின் வெள்ளி விழாக் கல்விக் கருத்தரங்கில் அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

ஒரு சமுதாயக் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகள் தளராது நடைபோடுவது எளிய செயலன்று. உதவித்தொகைப் படிவம் நிரப்பித் தருவதில் தொடங்கி, மாலை வகுப்பு, நூலகம், விடுதியில் இடம் பெற்றுத் தருதல் என்று இச்சங்கத்தின் தொண்டு வளர்ந்து வந்திருக்கிறது. வெள்ளி விழா நாளில் கடந்ததைப் பாராட்டுவது முறையே. அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் எதனைக் கண்காணிக்கப் போகிறோம் என்று எண்ணிப் பார்ப்பதும் இந்நாளுக்கு உரிய கடமையாகும். அவ்வெண்ணத்தில்தான் சற்றுப் புதியதொரு பொருளை இன்று எடுத்துக்கொண்டோம்.

ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்கு இரண்டு சொற்களைக் கற்பித்தார்கள். ஒன்று ‘மெல்லக் கற்போர்’; மற்றொன்று ‘மீத்திறன் மிக்கோர்’. நூலில் படிக்கும்போது இரண்டும் கண்ணியமான சொற்களே. வகுப்பறையிலும் தெருவிலும் அவை வேறு பெயர் பெறுகின்றன. முதலாமவன் ‘மக்கு’ ஆகிறான். இரண்டாமவன் ‘கெட்டிக்காரன்’ ஆகிறான். யார் மக்கு, யார் கெட்டிக்காரன் என்று தீர்ப்பளிப்பவர் யார்? எந்த அளவுகோலைக் கொண்டு அளக்கிறார்? அத்தீர்ப்பு தவறாயின் அதனை எதிர்த்துக் கேட்பவர் யார்? இம்மூன்று கேள்விகளும் நம் சமுதாயத்தின் உயிர்நிலைக் கேள்விகளாகும். இவற்றை நீதிமன்றம் வரை கொண்டுசென்று விவாதித்த நாடு அமெரிக்கா. ஆகவே அந்நாட்டு அரசுப் பள்ளிகளின் கதையை இன்று கூற விழைகிறோம்.

அமெரிக்கக் கதை நமக்கு எதற்கு என்று இளைஞர்கள் வினவலாம். பாபாசாகேப் அம்பேத்கர் 1913-ஆம் ஆண்டு நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்தார். 1946-ஆம் ஆண்டில் கறுப்பின மக்களின் பேரறிஞர் டியூ போய்ஸ் அவர்களுக்கு அவர் கடிதம் எழுதினார். இந்தியத் தீண்டப்படாதோர் நிலைக்கும் அமெரிக்கக் கறுப்பின மக்கள் நிலைக்கும் உள்ள ஒப்புமையை அக்கடிதத்தில் சுட்டிக்காட்டினார். 1972-இல் பம்பாயில் தோன்றிய தலித் பேந்தர் இயக்கம், 1966-இல் கலிபோர்னியாவின் ஓக்லந்து நகரில் தோன்றிய கருஞ்சிறுத்தைக் கட்சியிடமிருந்தே தன் பெயரை எடுத்துக்கொண்டது. ஓக்லந்துக்கு எதிர்க்கரையில் இருக்கும் சான் பிரான்சிஸ்கோ நகரிலிருந்துதான் நாம் கூறப்போகும் வழக்கு எழுந்தது. எனவே இது நமக்கு அயலார் கதையன்று.

இரண்டு வாசல்கள்

முதலில் அங்குள்ள அமைப்பைச் சுருங்கக் கூறுவோம். அமெரிக்காவில் ‘பள்ளி மாவட்டம்’ என்றொரு நிருவாகம் உண்டு. நம் கல்வி மாவட்டம் போன்று மேலிருந்து வரும் ஆணையை நிறைவேற்றும் அலுவலகம் அன்று அது. பெரும்பாலான இடங்களில் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் குழுவொன்று அதனை ஆள்கிறது. தன் பகுதிச் சொத்து வரியிலிருந்தும் அது பணம் பெறுகிறது. நாடு முழுவதும் ஏறத்தாழ 13,000 பள்ளி மாவட்டங்கள் இருக்கின்றன.

அம்மாவட்டங்களின் பள்ளிகளில், பொது வகுப்பிலிருந்து ஒரு குழந்தையைத் தனியே அழைத்துச் செல்ல இரண்டு வாசல்கள் உண்டு. பார்வை, செவி, பேச்சு, அறிவு வளர்ச்சி, கற்றல் ஆகியவற்றில் குறைபாடு உடைய குழந்தைக்குச் சிறப்புக் கல்வி என்பது ஒரு வாசல். வயதுக்கு மிஞ்சிய ஆற்றல் உடைய குழந்தைக்கு மீத்திறன் கல்வி என்பது மற்றொரு வாசல். இரண்டும் குழந்தையின் நன்மைக்கென்றே ஏற்பட்டவை. ஆயினும் நெடுங்காலம் முதல் வாசலில் கறுப்பினக் குழந்தைகள் கூட்டமாக நின்றார்கள். இரண்டாம் வாசலில் அவர்களைக் காண்பது அரிதாயிருந்தது. வாசற்காவலனாக நின்றது ‘நுண்ணறிவு ஈவு’ என்னும் எண்.

அளவுகோல் பிறந்த கதை

இந்த அளவுகோலைச் செய்தவர் பிரான்சு நாட்டு உளவியல் அறிஞர் ஆல்பிரட் பினே. தியோடர் சைமன் என்பவரின் துணையுடன் 1905-இல் அவர் தம் சோதனையை வெளியிட்டார். பாரிஸ் நகரப் பள்ளிகளில் கூடுதல் உதவி வேண்டும் பிள்ளைகள் யாரென்று கண்டறிவதே அவர் நோக்கம். ஒரு பிள்ளையின் அறிவு பிறவியிலேயே முடிந்துபோன அளவு என்ற கருத்தை அவர் கடுமையாக மறுத்தார். பயிற்சியால் அறிவு வளரும் என்று எழுதினார். அவர் 1911-இல் மறைந்தார்.

அவர் மறைந்தபின் அளவுகோல் கடல் கடந்தது. கலிபோர்னியாவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் லூயிஸ் டெர்மன், 1916-இல் அதனை அமெரிக்காவிற்கேற்பத் திருத்தி வெளியிட்டார். அதே ஆண்டு எழுதிய நூலில், கறுப்பினக் குழந்தைகளையும் மெக்சிகோ வழிவந்த குழந்தைகளையும் செவ்விந்தியக் குழந்தைகளையும் தனி வகுப்புகளில் பிரித்து வைக்க வேண்டும் என்றும், அவர்களின் மந்தம் இனத்தோடு வந்ததென்று தோன்றுகிறதென்றும் கருத்துரைத்தார். உதவிக்குப் பிறந்த கோல் ஒதுக்குவதற்குக் கருவியாயிற்று.

அதே டெர்மன் 1921-இல் மேதைக் குழந்தைகளைத் தேடும் பேராய்வு ஒன்றைத் தொடங்கினார். வகுப்பில் மிகச் சிறந்த பிள்ளை யாரென்று முதலில் ஆசிரியர்களைக் கேட்டு, அவர்கள் காட்டிய பிள்ளைகளைச் சோதித்து, ஏறத்தாழ 1,500 பேரைத் தேர்ந்தெடுத்தார். அவர்களில் மிகப் பெரும்பாலோர் வெள்ளையர். சோதிக்கப்பட்டுப் போதிய எண் பெறாமல் விடுபட்ட சிறுவர்களில் இருவர் வில்லியம் ஷாக்லி, லூயிஸ் ஆல்வரெஸ் என்போர். ஷாக்லி 1956-இலும் ஆல்வரெஸ் 1968-இலும் இயற்பியலில் நோபல் பரிசு பெற்றனர். அளவுகோல் தவறவிட்ட அதே ஷாக்லி, பின்னாளில் கறுப்பின மக்கள் பிறவியிலேயே அறிவிற் குறைந்தோர் என்று அந்த எண்ணையே காட்டி வாதாடினார். தனக்கு இழைக்கப்பட்ட தவற்றிலிருந்து ஒருவன் பாடம் கற்றே தீருவான் என்பதற்கு உறுதியில்லை என்பதை இளைஞர்கள் நெஞ்சில் இருத்த வேண்டும்.

சான் பிரான்சிஸ்கோ வழக்கு

1971-ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் தொடக்கப் பள்ளி பயிலும் ஆறு கறுப்பினக் குழந்தைகளின் சார்பில் நடுவண் நீதிமன்றத்தில் வழக்கு ஒன்று தொடுக்கப்பட்டது. ‘லாரி பி. எதிர் ரைல்ஸ்’ என்பது அதன் பெயர். நுண்ணறிவுச் சோதனையில் 75-க்குக் கீழ் எண் பெற்றார்கள் என்ற காரணத்தால் அவர்கள் ‘மனவளர்ச்சி குன்றியோர்’ வகுப்பில் வைக்கப்பட்டிருந்தனர். கறுப்பின உளவியலறிஞர்கள் அதே குழந்தைகளை மீண்டும் சோதித்தார்கள். அன்போடு பேசி, அச்சம் நீக்கி, குழந்தைக்குப் புரியும் சொற்களில் வினாக்களைக் கேட்டார்கள். இம்முறை அக்குழந்தைகள் அனைவரும் 75-க்கு மேல் பெற்றனர். குழந்தை மாறவில்லை, கேட்டவர் மாறினார், கேட்ட முறை மாறியது. எண்ணும் மாறிவிட்டது!

நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட கணக்கு இன்னும் கொடியது. அந்நகரப் பள்ளிகளின் மாணவர்களில் கறுப்பினத்தார் 28.5 விழுக்காடு, மனவளர்ச்சி குன்றியோர் வகுப்புகளிலோ 66 விழுக்காடு. பேச்சிலும் விளையாட்டிலும் வீட்டு வேலையிலும் கடைக்குச் சென்று கணக்குப் பார்த்து வருவதிலும் குறையொன்றும் காணப்படாத பிள்ளைகள், பள்ளி மணி அடித்தவுடன் மந்தபுத்திக்காரர் ஆகிவிட்டனர். அவ்வகுப்புகளில் பொது வகுப்பின் பாடம் நடத்தப்படவில்லை. அன்றாட வாழ்க்கைப் பழக்கங்களும் எளிய வேலைகளுக்கான பயிற்சியுமே கற்பிக்கப்பட்டன. ஆண்டுகள் செல்லச் செல்லப் பொது வகுப்புக்குத் திரும்பும் வழி தூர்ந்து போயிற்று. படிக்கட்டு இல்லாத கிணற்றில் இறக்கிவிட்டு, மேலே வரத் தெரியாதவன் என்று குறை கூறுவது போன்றதே அது.

நீதிபதி இராபர்ட் பெக்கம் 1972-இல் இடைக்காலத் தடை விதித்தார். நெடிய விசாரணைக்குப் பின் 1979-இல் இறுதித் தீர்ப்பு வந்தது. அச்சோதனைகள் கறுப்பினக் குழந்தைகளுக்கு எதிராகச் சாய்ந்தவை என்றும், அவற்றைக் கொண்டு அக்குழந்தைகளை அவ்வகுப்புகளில் சேர்க்கக்கூடாது என்றும் அவர் தீர்ப்பளித்தார். 1984-இல் மேல் முறையீட்டு நீதிமன்றம் அதனைப் பெரும்பாலும் உறுதிசெய்தது. வழக்கில் எதிர்த்தரப்பாகப் பெயர் குறிக்கப்பட்ட மாநிலக் கல்வித் தலைவர் வில்சன் ரைல்ஸ் தாமும் ஒரு கறுப்பினத்தவர் என்பது கவனிக்கத்தக்கது. நாற்காலியில் நம்மவர் அமர்ந்தால் மட்டும் போதாது. நாற்காலிக்கு முன்னிருக்கும் நடைமுறையும் மாற வேண்டும்.

மொழியாலும் இதே கொடுமை நிகழ்ந்தது. கலிபோர்னியாவின் மாண்டரே பகுதியில் பண்ணைத் தொழிலாளர் குடும்பங்களின் ஸ்பானிய மொழிக் குழந்தைகள், ஆங்கிலத்தில் கேட்கப்பட்ட வினாக்களுக்கு விடை கூறத் தெரியாமையால் மனவளர்ச்சி குன்றியோராகக் குறிக்கப்பட்டனர். 1970-இல் வழக்கு வந்தது. தாய்மொழியில் மறுபடி சோதித்தபோது பெரும்பாலோர் அந்த எல்லையைத் தாண்டிவிட்டனர். குழந்தையை அதன் வீட்டு மொழியிலும் சோதிக்க வேண்டும் என்று மாநில அரசு உடன்பட்டது.

நம் நாட்டுப் பள்ளிகளில் நுண்ணறிவுச் சோதனை பெருவழக்கில் இல்லை. ஆனால் அதன் வேலையைக் கண் செய்கிறது, காது செய்கிறது. சேரித் தெருவின் பேச்சு வழக்கில் விடை கூறும் பிள்ளைக்குப் பாடம் தெரியவில்லை என்று முடிவு கட்டும் காதுகள் இன்னும் இருக்கின்றன.

சட்டம் திறந்த வாசல்

இதுவரை கூறியதைக் கேட்டு, சிறப்புக் கல்வி என்பதே ஒரு சூழ்ச்சி என்று யாரும் எண்ணிவிடலாகாது. உதவி வேண்டும் குழந்தைக்கு உதவியை மறுப்பதும் அதே அளவு அநீதியாகும்.

அமெரிக்காவிலேயே 1970-களின் தொடக்கம் வரை, குறைபாடுடைய குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்க முடியாதென்று திருப்பி அனுப்புவது வழக்கமாக இருந்தது. தலைநகர் வாஷிங்டனில் ஏழு குழந்தைகளின் சார்பில் தொடுக்கப்பட்ட ‘மில்ஸ்’ வழக்கில் 1972-இல் தீர்ப்பு வந்தது. போதிய பணம் இல்லை என்று கல்வி வாரியம் கூறிய சமாதானத்தை நீதிபதி ஜோசப் வாடி ஏற்கவில்லை. பணம் குறைவாயின் அக்குறையை எல்லாக் குழந்தைகளும் பகிர்ந்துகொள்ள வேண்டும். குறைபாடுடைய குழந்தையின் தலையில் மட்டும் சுமத்தலாகாது என்பது அத்தீர்ப்பின் சாரம். ‘நிதி ஒதுக்கீடு இல்லை’ என்ற விடையை நம் அலுவலகங்களில் கேட்டுக் கேட்டுப் பழகிய நாம் பொன்னெழுத்துகளில் பொறித்து வைக்க வேண்டிய நியாயம் இது.

1975 நவம்பர் 29 அன்று குடியரசுத் தலைவர் ஜெரால்ட் போர்டு, குறைபாடுடைய குழந்தைகள் அனைவருக்கும் கல்வி வழங்கும் சட்டத்தில் கையொப்பமிட்டார். நாட்டில் அத்தகைய குழந்தைகள் 80 இலட்சத்துக்கு மேல் உள்ளனர் என்றும், அவர்களில் 10 இலட்சம் பேர் அரசுப் பள்ளிகளிலிருந்து முற்றிலும் விலக்கப்பட்டுள்ளனர் என்றும் அச்சட்டமே கூறியது. 1990-இல் அதன் பெயர் மாற்றப்பட்டது, கொள்கை மாறவில்லை.

அச்சட்டத்தின் உயிர் பெற்றோரின் உரிமையில் இருக்கிறது. பெற்றோர் ஒப்புதலின்றிக் குழந்தையை முதன்முறையாகச் சிறப்புக் கல்வியில் சேர்க்க முடியாது. ஒவ்வொரு குழந்தைக்கும் தனிக் கல்வித் திட்டம் எழுத்தில் வரையப்பட வேண்டும். அதனை வரையும் கூட்டத்தில் தாயோ தந்தையோ உறுப்பினராக அமர வேண்டும். ஆங்கிலம் அறியாத பெற்றோருக்கு மொழிபெயர்ப்பாளர் வைக்க வேண்டும். திட்டம் ஆண்டுதோறும் மறுபார்வை பெற வேண்டும். பள்ளியின் சோதனை முடிவை ஏற்காவிட்டால் வேறொரு வல்லுநரைக் கொண்டு பொதுச் செலவில் மறுசோதனை கேட்கலாம். இயன்ற வரையில் மற்றக் குழந்தைகளோடு சேர்த்தே கற்பிக்க வேண்டும். கைநாட்டு வைக்கும் தாயும் கல்வி அதிகாரியும் ஒரே மேசையில் அமர்ந்து குழந்தையின் எதிர்காலத்தைப் பேசுவது என்பதை எண்ணிப் பாருங்கள். அந்நாட்டிலும் எல்லா இடத்திலும் இது செம்மையாக நடந்துவிடுவதில்லை. வழக்குகள் இன்றும் தொடர்கின்றன. ஆயினும் கேட்பதற்கு உரிமை எழுத்தில் இருக்கிறது.

மற்றொரு வாசல்

இனி மீத்திறன் கல்விக்கு வருவோம். இதற்கு மேற்கூறியது போன்ற நடுவண் சட்டக் கட்டாயம் அமெரிக்காவில் இல்லை. மாநிலங்களும் பள்ளி மாவட்டங்களும் தத்தம் விருப்பப்படி நடத்துகின்றன. கட்டாயம் இல்லாத இடத்தில் யார் நுழைவார் என்பது நமக்குத் தெரிந்ததே.

புளோரிடா மாநிலத்தில் பிரவார்டு என்னும் பெரிய பள்ளி மாவட்டம் உண்டு. அங்கு 2005-க்கு முன்னர் ஆசிரியரோ பெற்றோரோ பரிந்துரைத்த குழந்தைகளையே மீத்திறன் வகுப்புக்குச் சோதித்து வந்தனர். வசதி படைத்த பெற்றோர் தனியார் உளவியலாளரிடம் பணம் செலுத்திச் சோதனை செய்து சான்றிதழ் கொண்டுவரவும் வழியிருந்தது. ஏழைத் தாய்க்கு அப்படியொரு வாசல் இருப்பதே தெரியாது. 2005-இல் அம்மாவட்டம் ஓர் எளிய மாற்றத்தைச் செய்தது. இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் அனைவருக்கும் பள்ளியிலேயே, மொழியறிவைச் சாராத, வடிவங்களைக் கொண்ட சிறு சோதனை ஒன்றை இலவசமாக நடத்தியது. அதில் தேறியவர்களை மாவட்டத்தின் உளவியலாளர்கள் முழுமையாகச் சோதித்தார்கள். இறுதித் தகுதிக்குரிய மதிப்பெண் விதிகளை ஒரு புள்ளியும் தளர்த்தவில்லை.

இதன் விளைவைப் பொருளாதார அறிஞர்கள் டேவிட் கார்டு, லாரா ஜூலியானோ ஆகியோர் ஆராய்ந்து 2016-இல் வெளியிட்டனர். மீத்திறன் தகுதி பெற்ற வறிய குடும்பத்துக் குழந்தைகள், ஆங்கிலம் தாய்மொழியல்லாத குழந்தைகள் ஆகியோரின் விகிதம் 180 விழுக்காடு உயர்ந்தது. கறுப்பினக் குழந்தைகளில் 80 விழுக்காடும், ஸ்பானிய மரபினரில் 130 விழுக்காடும் உயர்வு காணப்பட்டது. இக்குழந்தைகள் திடீரென்று பிறந்து வந்தவர்கள் அல்லர். அவர்கள் முன்னரும் அதே பெஞ்சில் அமர்ந்திருந்தார்கள், பார்ப்பார் இல்லை. பின்னர் நிதி நெருக்கடியால் இத்திட்டம் சுருக்கப்பட்டபோது எண்ணிக்கை மீண்டும் பழைய நிலைக்கே சரிந்தது. தேடுவதை நிறுத்தினால் கிடைப்பதும் நின்றுவிடும்!

அதே 2016-இல் ஜேசன் கிரிசம், கிறிஸ்டபர் ரெட்டிங் ஆகியோர் வெளியிட்ட மற்றோர் ஆய்வும் நம் சிந்தனைக்குரியது. சமமான மதிப்பெண் பெற்றிருந்தும், வேற்றின ஆசிரியரிடம் பயிலும் கறுப்பினக் குழந்தைக்கு மீத்திறன் வகுப்பில் இடம் கிடைக்கும் வாய்ப்பு குறைவாகவும், தன் இனத்து ஆசிரியரிடம் பயிலும் குழந்தைக்கு அவ்வாய்ப்பு கூடுதலாகவும் இருந்ததை அவர்கள் கண்டார்கள். ஆசிரியர் பணிக்கு வர விரும்பும் நம் இளைஞர்களுக்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

இரண்டு கதைகளும் ஒரு நியாயமும்

கூர்ந்து கேட்டவர்களுக்கு இங்கே ஓர் ஐயம் எழும். சான் பிரான்சிஸ்கோவில் சோதனை நம்மையொத்த குழந்தையைக் கீழே தள்ளியது. பிரவார்டில் அதே வகைச் சோதனை குழந்தையை மேலே தூக்கியது. அப்படியாயின் சோதனை நண்பனா, பகைவனா?

இதற்கு விடையும் அமெரிக்க அனுபவத்திலேயே இருக்கிறது. 1986-இல் லாரி பி. வழக்கின் தடை விரிவாக்கப்பட்டு, கறுப்பினக் குழந்தைகளுக்குச் சிறப்புக் கல்வியின் பொருட்டு நுண்ணறிவுச் சோதனையே நடத்தலாகாது என்று ஆயிற்று. சில ஆண்டுகளில் கறுப்பினப் பெற்றோர் சிலரே நீதிமன்றம் வந்தார்கள். தங்கள் பிள்ளைக்குக் கற்றலில் என்ன இடர்ப்பாடு என்று அறியச் சோதனை வேண்டும் என்றும், நிறத்தைக் காட்டி அதனை மறுப்பது முறையன்று என்றும் வாதாடினர். விரிவாக்கப்பட்ட தடை நீக்கப்பட்டது. 1994-இல் மேல் முறையீட்டிலும் அது உறுதியாயிற்று.

ஆகவே கோலின் மீது மட்டும் கோபம் கொள்வதில் பயனில்லை. சிலரை மட்டும் பொறுக்கி அளக்கிறார்களா, எல்லோரையும் அளக்கிறார்களா? அளந்தபின் படி அமைக்கிறார்களா, குழி தோண்டுகிறார்களா? அளவு தவறென்று சொல்லப் பெற்றோருக்கு இடம் உண்டா? இவையே கேட்கத்தக்க கேள்விகள். இவற்றுக்கு நேர்மையான விடை கிடைக்குமாயின் இரண்டு வாசல்களும் நம் பிள்ளைகளுக்கு நன்மையே செய்யும்.

நம் சங்கம் செய்யத்தக்கவை

இனி நம் ஊருக்கு வருவோம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொள்கிறது. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழு வகைகளே இருந்தன. எழுத்துகளைப் பிரித்தறிய இயலாமை, கணக்கில் மட்டும் தடுமாற்றம் போன்ற கற்றல் குறைபாடுகளும் இப்பொழுது அப்பட்டியலில் அடங்கும். சட்டம் வகுத்த அளவுக்குக் குறைபாடு உடைய குழந்தைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு. வட்டார வள மையங்களில் இதற்கெனச் சிறப்பாசிரியர்கள் பணிபுரிகிறார்கள். இவ்வளவும் இருந்தும் நம் தெருக்களில் அத்தகைய பிள்ளைகள் திண்ணையிலேயே வளர்வதைக் காண்கிறோம். ‘முன்வினைப் பயன்’ என்று சொல்லித் தாயே பிள்ளையை மறைத்து வைக்கிறாள். பிறப்பின் பேரால் நம்மை ஒதுக்கியவர்கள் கூறிய காரணமும் முன்வினைதான் என்பதை அத்தாய்க்கு யார் எடுத்துரைப்பது? அவ்வாதத்தை நாம் நம் வீட்டுக்குள் அனுமதிக்கலாகாது.

எனவே முதலாவதாக, சங்கத்தின் இளைஞர்கள் ஆண்டுக்கு ஒருமுறை வீடுவீடாகச் சென்று, பள்ளிக்கு வராத மாற்றுத்திறனாளிக் குழந்தைகளைக் கணக்கெடுத்துத் தலைமையாசிரியரிடமும் வட்டார வள மையத்திலும் எழுத்து மூலம் தர வேண்டும். வாய்ச்சொல் காற்றோடு போகும். மனு கோப்பில் நிற்கும்.

இரண்டாவதாக, எந்தப் பிள்ளையையாவது ‘படிப்பு ஏறாது’ என்று யார் கூறினாலும், முதலில் அப்பிள்ளையின் கண்ணையும் காதையும் மருத்துவரிடம் சோதிக்கச் செய்யுங்கள். கரும்பலகை தெரியாத பிள்ளை முன்வரிசைக்கு வந்து கண்ணாடி அணிந்த சில வாரங்களில் வாசிக்கத் தொடங்குவதை எங்கள் பள்ளியில் பலமுறை பார்த்திருக்கிறோம். அதன் பின்னும் தடுமாற்றம் இருந்தால் கற்றல் குறைபாடா என்று வல்லுநரைக் கேளுங்கள். பசியா, விடியற்காலை வேலையா, வீட்டில் குடியா என்றும் பாருங்கள். மக்கு என்ற சொல் இவை அனைத்தையும் மூடி மறைக்கும் போர்வையாகும்.

மூன்றாவதாக, எட்டாம் வகுப்பு மாணவர்க்கான தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் திட்டத் தேர்வு 2008 முதல் வழக்கிற்கு வந்தது. தேர்வானவர்க்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்து நான்கு ஆண்டுகள் உதவித்தொகை. 2017-இல் அது ஆண்டுக்கு 12,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இத்தகைய தேர்வுகளுக்கு ‘நன்றாகப் படிப்பவர்களை’ மட்டும் பெயர் கொடுக்கச் சொல்வது பல பள்ளிகளில் பழக்கமாக இருக்கிறது. பிரவார்டில் 2005-க்கு முன் நடந்ததும் அதுவே. விதிப்படி தகுதியுள்ள ஒவ்வொரு பிள்ளையையும் எழுத வைப்பதே முறை. எங்கள் பள்ளியில் அவ்வாறே செய்கிறோம். ஆசிரியர் எவரும் எதிர்பாராத பெயர் ஒன்று தேர்ச்சிப் பட்டியலில் இடம் பெறுவதும் உண்டு. கட்டணம் செலுத்த இயலாத பிள்ளைக்குச் சங்கம் கைகொடுக்கலாம்; மாலை வகுப்பில் மாதிரித் தேர்வுகளும் நடத்தலாம்.

நான்காவதாக, பள்ளி மேலாண்மைக் குழுவில் நம் தெருப் பெற்றோர் உறுப்பினராக வேண்டும். உறுப்பினரானோர் கூட்டத்திற்குச் செல்ல வேண்டும். சென்றவர் வாய் திறந்து பேச வேண்டும். சான் பிரான்சிஸ்கோவில் தாய்மார்கள் வாய் திறந்திராவிடின் அக்குழந்தைகள் அவ்வகுப்பிலேயே கிடந்திருப்பார்கள்.

இறுதியாக மாணவச் செல்வங்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுள் யாரையேனும் மக்கு என்று எவரேனும் அழைத்திருந்தால், அச்சொல்லை உங்கள் பெயராக ஏற்றுக்கொள்ளாதீர்கள். உங்களுள் யாரையேனும் கெட்டிக்காரன் என்று ஊர் புகழ்ந்தால், உங்களோடு அதே பெஞ்சில் அமர்ந்து, எவராலும் பார்க்கப்படாது போன நண்பனை மறந்துவிடாதீர்கள். நீங்கள் ஆசிரியராகவோ மருத்துவராகவோ அதிகாரியாகவோ வரும் நாளில் அளவுகோல் உங்கள் கைக்கு வரும். அன்று அதனைக் கொண்டு எல்லோரையும் அளந்து பாருங்கள். அளந்தபின் குறைந்தவனுக்குப் படி அமையுங்கள். மிகுந்தவனுக்கு வழி விடுங்கள்.